அட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம்

“உள்ளே குளிருதாடி?”

அட்டைச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. கூண்டுகளுக்கு அடியில் உருண்டு வந்து நின்ற முட்டைகளைப் பொறுக்கித் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தாமலேயே பதில் சொன்னாள்.

“ஆமா, பல்லு தந்தி அடிக்குது. ஒரு கம்பளி கொண்டாந்து குடுங்க.”

“கம்பளிக்கு எங்க போவேன்? என் சட்டை இருக்கு, வேணுமா? பிழிஞ்சா ஒரு குடம் தண்ணி தேறும்.”

“போதும், வேலையைப் பாருங்க. கோழியெல்லாம் சிரிக்குது.”

கோழிகள் சிரிக்கவில்லை. இறக்கைகளை உடம்பிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டு, அலகைத் திறந்தபடி இளைத்துக்கொண்டிருந்தன. வெயில் தலைக்கேறிய நாளிலிருந்து அப்படித்தான். முந்தின நாள் மட்டும் செத்ததை இரண்டு வாளி நிறைய அள்ளிக்கொண்டு போய்க் குழியில் கொட்டியிருந்தாள்.

ரயில் பெட்டிகளைக் கோத்து வைத்த மாதிரி நீளமான கொட்டகை அது. ஒரு முனையில் ஆளுயர விசிறிகள் உள்ளிருக்கும் காற்றை இழுத்து வெளியே தள்ளும். மறுமுனையில் செங்கல் சுவருக்குப் பதிலாகக் காகித அட்டைகள். தேன்கூட்டைப் போல மடிப்பு மடிப்பாக ஒட்டி, முக்கால் சாண் தடிமனுக்குச் செய்த அட்டைகளைத் தரையிலிருந்து கூரை வரைக்கும் அடுக்கியிருந்தார்கள். மேலே போகிற குழாயிலிருந்து தண்ணீர் கசிந்து அதில் ஊறி இறங்கிக்கொண்டே இருக்கும். வெளியே கொதிக்கிற காற்று அந்த ஈரத்துக்குள் புகுந்து வரும்போது ஆறிவிடும். தண்ணீர் ஓடுகிறவரைக்கும் அது குளிர்ந்த சுவர். தண்ணீர் நின்றால் அடுப்பு வாய்.

அந்தச் சுவரைப் பார்த்துக்கொள்வதுதான் அவள் கணவனுக்கு வேலை. வெயில் காலம் முழுக்க நனைந்த சட்டையோடு திரிகிறவர் என்பதால் பண்ணையில் அவருக்கு மழைக்காரர் என்று பெயர். முதலாளிகூட அப்படித்தான் கூப்பிடுவார். பண்ணை தொடங்கியபோது அந்த இடத்தில் இருந்தது மரச்சீவல். கம்பி வலைக்குள் திணித்து வைத்த சீவல் நனைய நனையப் பழைய மெத்தையைப் போல இறங்கி, மேலே காலியாகிவிடும். அந்த ஓட்டை வழியாக வெயில் காற்று நேராக உள்ளே வந்து இறங்கும். அதை எடுத்துவிட்டுத் தேங்காய் நார் வைத்தார்கள். நார் அழுகி நாறியது. உதிர்ந்து போய் மோட்டாரை அடைத்தது. எலி குட்டி போட்டது. அதற்குப் பிறகு வந்ததுதான் காகிதம். “மூணு பொண்டாட்டி கட்டியாச்சு. மூணாவதுதான் கொஞ்சம் சொன்ன பேச்சு கேக்குறா, ஆனா உப்பு ஆகாது அவளுக்கு” என்று அவர் சொல்வார். அவள் பக்கத்தில் இருக்கும்போதுதான் சொல்வார்.

உப்புதான் வினை. ஆழ்குழாய்த் தண்ணீர் ஊறி ஊறி, காய்ந்து காய்ந்து, அட்டையின் வெளிப்பக்கம் வெள்ளையாய்ப் படிந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத மடிப்புகளுக்குள்ளும் அதுதான் ஏறியிருந்தது. விசிறி எவ்வளவு இழுத்தாலும் காற்று பாதிக்கு மேல் வரமாட்டேன் என்றது. தேய்த்தால் உப்போடு சேர்ந்து காகிதமும் உதிர்ந்தது. உதிர்ந்த பொந்துகளில் சாக்குத் துணியைச் சுருட்டி அடைத்திருந்தார்.

குளிர் காலத்திலேயே முதலாளி கேட்டிருந்தார். “மழைக்காரரே, இந்த அட்டை இன்னொரு வெயிலைத் தாங்குமா, இல்லை புதுசு சொல்லிடலாமா? புது அட்டை விக்கிறவங்களே ஆளும் மெஷினும் அனுப்பிச் சுத்தம் பண்ணித் தர்றாங்களாம்.”

“தாங்கும்” என்று அவர் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னபோது, “நல்லவேளை சொன்னீங்க. மெஷின் வந்துட்டா உங்களை எங்க நிறுத்துவாங்க?” என்றாள் அவளும்.

மூன்று நாளாகக் காற்று அனலாக அடித்தது. அன்று காலை, சூப்பர்வைசர் உள்ளங்கையை அட்டைச் சுவரில் நீட்டி வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். “காத்தே வரலண்ணே. இப்படியே விட்டா இன்னிக்கு மொத்தமும் போயிடும்.” வழக்கமாக விடியற்காலையில் மட்டும் தேய்ப்பார்கள். அன்றைக்கு அவர் தொடங்கியதே வெயில் ஏறிய பிறகு. “சாயங்காலம் பண்ணுங்களேன்” என்றவளிடம், “கோழிக்குச் சாயங்காலம்னா தெரியுமா?” என்று கேட்டுவிட்டுத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு போனார்.

தண்ணீர் ஓடும்போது தேய்த்தால் அட்டை பிய்ந்து கையோடு வந்துவிடும். அதனால் ஒரு பகுதிக்கு மட்டும் வால்வை மூடி, ஈரம் கொஞ்சம் வடிந்ததும் பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் தேய்த்து, திரும்ப வால்வைத் திறந்துவிட வேண்டும். சரக், சரக் என்ற அந்தச் சத்தத்துக்கு ஏற்ற மாதிரி உள்ளே அவள் கை முட்டைகளை எடுத்து வைத்தது. உப்பு நீங்கிய இடங்களில் அட்டை வழியாகப் பழுப்பாய் வெளிச்சம் கசிந்தது. அதில் அவர் நிழல் எழுவதும் குனிவதும் மங்கலாய்த் தெரிந்தது.

“ஏண்டி, இன்னும் எத்தனை வரிசை?”

“உங்க சுவரு முடியறதுக்குள்ள என் முட்டை முடிஞ்சிடும்.”

“பந்தயமா?”

“தோத்தா?”

“தோத்தவங்க பொண்ணுக்கு போன் போட்டு, ஞாயித்துக்கிழமை வரச் சொல்லணும். நான் கூப்பிட்டா லீவு இல்லைங்கிறா. நீ கூப்பிட்டா வருவா.”

“அப்ப நான்தான் தோக்கணும்னு சொல்லுங்க.”

சிரிக்கிற சத்தம் கேட்டது. சிரிப்பு இருமலாக மாறியது. இருமல் நின்றபிறகு மறுபடியும் சரக், சரக்.

அடுத்த கூண்டில் ஒரு கோழி கழுத்தை நீட்டிப் படுத்துவிட்டிருந்தது. அதை எடுத்து வாளியில் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது, சத்தம் நின்றிருப்பதைக் கவனித்தாள். பழுப்பு வெளிச்சத்தில் நிழல் இன்னும் இருந்தது. அது கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. முதுகைச் சாய்த்துக்கொண்டு உட்காருகிற மாதிரி இறங்கி, தரையோடு தரையாய்க் குறுகிப்போனது.

பத்த வைக்கப் போறாரு, என்று நினைத்தாள்.

இருமல் வந்த நாளிலிருந்து டாக்டர் கூடாதென்று சொல்லியிருந்தார். விட்டுவிட்டேன் என்று அவரும் சொல்லியிருந்தார். போன வாரம்தான் துவைக்கப் போட்ட கால்சட்டைப் பையில் நசுங்கிய சிகரெட் பாக்கெட் ஒன்றை அவள் பிடித்தாள். “அது சூப்பர்வைசரோடது. பத்திரமா வெச்சுக்கச் சொன்னான்” என்று பச்சைக் குழந்தை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார்.

கூப்பிடலாமா என்று ஒரு கணம் வாயெடுத்தாள். கூப்பிட்டால் பதில் வரும். பதில் வந்தால் சிரிப்பு வந்துவிடும். சிரித்துவிட்டால் அப்புறம் சண்டை போட முடியாது. வீட்டுக்கு வரட்டும், வைத்துக்கொள்கிறேன் என்று கோபத்தை அப்படியே மடித்து உள்ளே வைத்துக்கொண்டு, தட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனாள். அந்த வரிசையை முடித்தாள். நிரம்பிய தட்டுகளைத் தள்ளுவண்டியில் ஏற்றி, வாசல்வரை தள்ளிக்கொண்டு போய்விட்டுத் திரும்பி வந்தாள். அதற்கடுத்த வரிசையிலும் பாதி ஆகியிருக்கும்.

முதலில் சொன்னது அவள் கன்னம்தான். சுவருக்கு நேராக நின்றபோது ஒரு பக்கம் குளிர்ந்த காற்றும் ஒரு பக்கம் அனலும் அடித்தது. அனல் வந்த பக்கத்து அட்டையைத் தொட்டுப் பார்த்தாள். ஈரமே இல்லை. அப்பளம் மாதிரி மொரமொரவென்று காய்ந்திருந்தது. அந்தப் பக்கத்துக் கோழிகள் கூண்டுக் கம்பிகளின்மேல் தலையைத் தொங்கப் போட்டிருந்தன.

மடித்து வைத்த கோபம் முழுசும் விரிந்துகொண்டது. பக்கக் கதவைத் தள்ளித் திறந்துகொண்டு வெளியே வந்தாள். வெயில் கண்ணைக் கூச வைத்தது. சுவரின் மூலையைத் திரும்பியதும் காலை நீட்டி உட்கார்ந்திருப்பவர் தெரிந்தார். அவரைப் பார்க்கவும் பிடிக்காதவளாய் நேரே வால்வுக்குப் போனாள். துருப்பிடித்த பிடி, இரண்டு கையாலும் திருக வேண்டியிருந்தது. அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திருகியபடியே பேசினாள்.

“வால்வைத் திறக்கணும்னு தோணலையா உங்களுக்கு? உள்ளே ஒண்ணொண்ணா வாயைப் பொளக்குது, இங்க துரைக்குப் புகை கேக்குது. டாக்டர் சொன்னது காத்தோட போச்சு. நான் சொன்னது அதுக்கு முன்னாடியே போச்சு. இருங்க, இன்னிக்குப் பொண்ணுகிட்டச் சொல்லிக் குடுக்கிறேன். அவ நாக்கைப் புடுங்குற மாதிரி நாலு கேள்வி கேட்டாத்தான் அடங்குவீங்க. செஞ்சதையும் செஞ்சுட்டுக் கல்லு மாதிரி உக்காந்திருக்கிறதைப் பாரு…”

பிடி அசைந்து கொடுத்தது. மேலே குழாயில் தண்ணீர் ஏறுகிற சத்தம் கேட்டது. காய்ந்த அட்டையின் உச்சியில் கறுப்பாய் ஈரம் படர ஆரம்பித்தது.

வாய்க்கு வாய் பேசுகிற மனுஷன். சரி விடுடி என்றுகூடச் சொல்லவில்லை.

அவள் திரும்பினாள். அவர் கையில் புகை இல்லை. பிரஷ்தான் இருந்தது, விரல்கள் அதை விடாமல் பிடித்திருந்தன. தலைத்துண்டு அவிழ்ந்து தோளில் கிடந்தது. கண்கள் பாதி திறந்து, வெயிலை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தன. “என்னங்க” என்று நெஞ்சில் கை வைத்தாள். வைத்த கையை இழுத்துக்கொண்டாள். தோசைக் கல்லில் வைத்த மாதிரி இருந்தது.

சட்டை காய்ந்திருந்தது. வெயில் காலத்தில் அந்தச் சட்டை அவர் உடம்பில் காய்ந்து அவள் பார்த்ததே இல்லை. அக்குளிலும் முதுகிலும் வெள்ளை வெள்ளையாய்க் கோடுகள் ஓடியிருந்தன.

அதற்குப் பிறகுதான் அவள் கத்தினாள்.

சூப்பர்வைசரும் தீவன மூட்டை இறக்குகிற இரண்டு பேரும் ஓடி வந்தார்கள். உள்ளேதான் குளிர்ச்சி என்று அவரைத் தூக்கிக்கொண்டு போய், தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்த அட்டைச் சுவரோரம், இறகும் எச்சமும் கிடந்த தரையில் படுக்க வைத்தார்கள். அவள் வாளி வாளியாய்ச் சுவரடித் தொட்டித் தண்ணீரை மொண்டு அவர்மேல் ஊற்றினாள். சட்டை நனைந்தது. மறுபடியும் எப்போதும் போல ஆனார், பார்ப்பதற்கு மட்டும். கூண்டுகளிலிருந்து கோழிகள் தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தன.

முட்டை ஏற்றுகிற வேனில் போட்டுக்கொண்டு போனார்கள். தலையை அவள் மடியில் வைத்திருந்தாள். ஈரத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். துண்டு துடைக்கத் துடைக்கச் சூடானது. நகரத்துக்குள் நுழைகிற பாலத்தில் வண்டி குலுங்கியபோது அவர் உதடு அசைந்தது. குனிந்து காதை வைத்தாள்.

“தாங்கும்” என்றார்.

“என்னது? என்னங்க?”

“தாங்கும்… தாங்கும்” என்றார் மறுபடி, யாரிடமோ பொறுமையாக எடுத்துச் சொல்கிற மாதிரி. பிறகு பேசவில்லை.

ஆஸ்பத்திரியில் அவரைச் சுற்றி ஐஸ் பொட்டலங்களை வைத்தார்கள். திரைக்கு வெளியே நின்றவளிடம் நர்ஸ் ஒருத்தி வந்தாள். மகள் வயதுதான் இருக்கும்.

“எவ்வளவு நேரமா வெயில்ல கிடந்தாருங்கம்மா?”

“கொஞ்ச நேரம்தான்.”

“கொஞ்சம்னா? டாக்டர் கேக்குறாரு. விழுந்ததை யாராவது பார்த்தீங்களா?”

அவள் தன் கையிலிருந்த துண்டைப் பார்த்தாள். முறுக்கிப் பிழிந்தாள். ஒரு சொட்டுகூட வரவில்லை.

“தெரியலைம்மா” என்றாள். “யாரும் பார்க்கலை.”

வெயில் இறங்கத் தொடங்குவதற்குள் முடிந்துவிட்டது. டாக்டர் வெளியே வந்து என்னவோ சொன்னார். அவள் தலையை ஆட்டினாள். கூட வந்திருந்த சூப்பர்வைசர்தான் சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான். அவன் முதுகில் இரண்டு தட்டுத் தட்டி, “போப்பா, நீ பண்ணைக்குப் போ. அங்க யாரு இருக்கா?” என்றாள். சொன்ன பிறகுதான், தான் கோழிகளைப் பற்றிச் சொன்னது அவளுக்கே உறைத்தது.

வீடு என்பது வரிசையாய்க் கட்டிய ஓரறைக் குடியிருப்புகளில் ஒன்று. கட்டில் ஒன்றைத் தவிர மீதியெல்லாவற்றையும் அக்கம்பக்கத்தார் தூக்கி வெளியே வைத்துவிட்டார்கள். நகரத்தில் செருப்புக் கடையில் வேலை பார்க்கும் மகள் கடைச் சீருடையோடு வந்து சேர்ந்தாள். வந்தவள் அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள், எழுந்திருக்கவே இல்லை.

பக்கத்து வீட்டுத் தையல்காரியும் அம்மாவுமாகத்தான் உடம்பைத் துடைத்தார்கள். துணியை நனைத்துத் துடைத்துக்கொண்டே வந்தவள், அவர் கைக்கு வந்ததும் நின்றாள். நகக்கண்களிலும் உள்ளங்கை ரேகைகளிலும் அட்டையின் உப்பு வெள்ளையாய் ஏறியிருந்தது. சோப்புப் போட்டுத் தேய்த்தாள். போகவில்லை.

“விடுங்கக்கா. அது வேலை செஞ்ச கை. அப்படியே இருக்கட்டும்” என்றாள் தையல்காரி.

“இப்படியே வெச்சு யாரு பாக்குறது?”

எழுந்து அடுப்படிக்குப் போய் எலுமிச்சம்பழம் ஒன்றை நறுக்கிக்கொண்டு வந்தாள். அவர் தினமும் அப்படித்தான் பண்ணுவார். சாப்பிட உட்காருவதற்கு முன்னால் பிழிந்த எலுமிச்சைத் தோல் எங்கே என்று தேடுவார். அவள் ஒவ்வொரு விரலாய்ப் பிடித்துத் தேய்த்தாள். சாறு பட்ட இடத்தில் உப்பு நுரைத்துப் பொங்கிக் கரைந்தது. கட்டை விரலில் நகத்தை ஒட்டி ஒரு வெட்டு இருந்தது. அதில் சாறு பட்டபோது பழக்கத்தில் குனிந்து ஊதிவிட்டாள். ஊதிய பிறகு தலையை நிமிர்த்தவே இல்லை. தையல்காரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வந்தவர்கள் கலைந்து, அவளும் மகளும் மட்டும் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தபோது மகள் கேட்டாள்.

“நீ எப்பம்மா பார்த்தே?”

“காத்து சூடா வந்துச்சு. வால்வு மூடியிருக்குன்னு போனேன். போனா…”

“அதுக்கு முன்னாடி? விழுந்தப்ப ஒரு சத்தம்கூடக் கேக்கலையா?”

“விசிறிச் சத்தத்துல என்ன கேக்கும்?”

மகள் நிமிர்ந்து பார்த்தாள். பள்ளிக்கூடம் விட்டதும் பண்ணைக்கு வந்து, சுவருக்கு இந்தப் பக்கம் கொஞ்ச நேரமும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரமுமாய் நின்று வளர்ந்த பெண் அவள். அப்பாவும் அம்மாவும் அட்டைக்கு இரண்டு பக்கமும் இருந்துகொண்டு நாளெல்லாம் வாயடிப்பதைக் கேட்டிருக்கிறாள். அப்பா சொன்னதை அம்மாவிடமும் அம்மா சொன்னதை அப்பாவிடமும் கூட்டிக் குறைத்துச் சொல்லி இரண்டு பேரையும் மூட்டிவிட்டிருக்கிறாள்.

“விசிறிச் சத்தம்” என்றாள் மகள், மெதுவாக.

“ஆமா.”

மகள் அதற்குமேல் கேட்கவில்லை. அப்பாவின் மேல் போர்த்தியிருந்த துணியில் இல்லாத சுருக்கத்தை நீவிவிட்டாள். கேட்டிருக்கலாம். நன்றாகக் கத்தியே கேட்டிருக்கலாம். அப்படிக் கேட்டிருந்தால் சொல்லியிருப்போமா என்று அம்மாவுக்கே தெரியவில்லை.

மறுநாள் காலை முதலாளி வந்தார். கட்டிலுக்கு முன்னால் கைகட்டி நின்றார். நல்ல மனிதர்தான், கண் கலங்கித்தான் இருந்தது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, போகாமல், யாரும் கேட்காமலேயே பேச ஆரம்பித்தார்.

“குளிர் காலத்துலயே கேட்டேம்மா. மாத்திடலாமான்னு நான்தான் கேட்டேன். தாங்கும்னு அவரு வாயால சொன்னாரு. நான் என்ன பண்ணுவேன்? அவரு சொல்லை நான் என்னிக்காவது தட்டியிருக்கேனா?”

மகள் விருட்டென்று எழுந்தாள். “அப்ப எங்கப்பா சாவுக்கு எங்கப்பாவே காரணங்கிறீங்களா? உச்சி வெயில்ல நிக்க வெச்சுட்டு, செத்த மனுஷன் மேல பழியைப் போட வந்திருக்கீங்களா? இனிமே எழுந்து வந்து பேச மாட்டாருன்னு என்ன வேணா சொல்லுவீங்களா?”

“இல்லைம்மா, நான் அப்படிச் சொல்ல வரலை…”

“அவரு அப்படிச் சொல்லியிருக்கவே மாட்டாரு. அட்டை போயிடுச்சுன்னு எங்கிட்டயே எத்தனை தடவை சொல்லியிருக்காரு! அம்மா, சொல்லும்மா. அப்பா தாங்கும்னு சொன்னாரா?”

அறையிலிருந்த எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். முதலாளியும் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு கெஞ்சல் இருந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர் நிம்மதியாகப் போய்விடுவார். இல்லை என்று சொன்னால் மகள் நிம்மதியாக அழுவாள்.

“வெயில் ஏறுது” என்றாள் அவள். “சீக்கிரம் எடுக்கணும்.”

மகள் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு போய் வாசலில் முகம் திருப்பி உட்கார்ந்தாள். முதலாளி தலையைக் குனிந்துகொண்டு வெளியேறினார்.

வெயில் உச்சிக்கு வருவதற்குள் எடுத்துவிட்டார்கள். இடுகாட்டில் மண் காய்ந்து பாறையாய்க் கிடந்தது. கடப்பாரை ஒவ்வொரு தடவையும் தெறித்தது. குழி வெட்டுகிறவர் வழக்கமான ஆழம் போகவில்லை, மன்னிக்கணும் என்றார். “உள்ளே குளிர்ச்சியா இருக்குமா?” என்று அவள் கேட்டாள். அவருக்குப் புரியவில்லை. என்ன சொல்வதென்று தெரியாமல், “இருக்கும்மா, மண்ணுதானே” என்றார்.

திரும்பி வந்தபிறகு, தெருவை அடைத்துப் போட்டிருந்த வாடகை நாற்காலிகளில் ஆளுக்கொன்றாய் உட்கார்ந்தார்கள். தையல்காரி எல்லாருக்கும் தண்ணீர் கொடுத்தாள். மகள் தெருவின் அந்தப் பக்கத்தில், நிழலில்லாத இடமாகப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். இந்தப் பக்கம் வா என்று கூப்பிட அவளுக்குப் பயமாக இருந்தது. கூப்பிட்டு வராமல் போய்விட்டால் என்ன செய்வது?

தெருமுனையில் ஒரு லாரி திரும்பியது. சந்துக்கு அது ரொம்பப் பெரிய லாரி. கூரைகளையும் கொடிக் கயிறுகளையும் உரசாமல் மெல்ல மெல்ல ஊர்ந்து வந்து, நாற்காலிகளுக்கு முன்னால் நின்றது. பின்பக்கம் வானத்தை மறைக்கிற உயரத்துக்குப் பழுப்பு அட்டைகள் அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். புத்தம் புதியவை. ஒவ்வொரு மடிப்பும் தெரிந்தது, ஒவ்வொரு பொந்து வழியாகவும் வெளிச்சம் தெரிந்தது. வண்டி நின்ற குலுக்கலில் காய்ந்த புதுக் காகிதத்தின் வாசனை தெரு முழுக்க வந்து இறங்கியது.

ஓட்டுநர் ஜன்னலில் தலையை நீட்டினார். முகங்களைப் பார்த்ததும் இது என்ன வீடு என்று புரிந்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“மன்னிச்சிடுங்க. மெயின் ரோடு பாலத்துல கனரக வண்டி விடலை. இந்தக் கோழிப் பண்ணைக்கு இப்படிப் போகலாம்னாங்க. அவசரம்னு ராத்திரியே ஏத்தி அனுப்பிட்டாங்க. கொஞ்சம் நாற்காலியை மட்டும்…”

ஒருவரும் அசையவில்லை. தீவன மூட்டை இறக்குகிறவன் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தான். அதற்கு முன்னாலேயே அவள் எழுந்துவிட்டாள். தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தூக்கிச் சுவரோரமாய் வைத்தாள். பிறகு அதற்கடுத்ததை. பிறகு அதற்கடுத்ததை. மற்றவர்களும் எழுந்து விலகி நின்றார்கள்.

“நேரா போங்க” என்றாள் ஓட்டுநரிடம், கையை நீட்டி. “தண்ணித் தொட்டி வரும். அங்க வலது பக்கம் திரும்பாதீங்க, இடது பக்கம். கொஞ்ச தூரத்துல ஒரு பள்ளம் இருக்கு, மெதுவா இறக்குங்க. மடிப்பு நசுங்கிட்டா காத்து வராது.”

“சரிங்கம்மா.”

லாரி நகர்ந்தது. கட்டுக்கயிறு முறுக்கிக்கொள்கிற சத்தம் அவளைத் தாண்டிப் போனது. தொட்டிக்குப் பக்கத்தில் அது இடது பக்கம் திரும்பி மறைந்தது. கிளம்பிய தூசி மெல்ல இறங்கி, காலி நாற்காலிகளின்மேல் படிந்தது.

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. தெருவின் அந்தப் பக்கத்திலிருந்து மகள் எழுந்து வந்து, அதைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.